நாலு கம்பியா, அஞ்சு கம்பியா?

பேஸ் கிடார் வாங்கப் போற எல்லாரும் ஒருநாள் வந்து நிக்கற முச்சந்தி இது. ஆபீஸ்ல ஒரு தம்பி, மாசாமாசம் சம்பளத்துல மிச்சம் பிடிச்ச காசை வச்சிக்கிட்டு இதையேதான் கேட்டான். "அண்ணே, அஞ்சு வாங்கினா நாலும் அதுக்குள்ளயே இருக்குமே, அப்புறம் என்ன யோசனை?" லாஜிக் நல்லாத்தான் இருக்கு. ஆனாலும் மொத பேஸ்னா என் ஓட்டு நாலுக்குத்தான்.

மொதல்ல கணக்கு. நாலு கம்பியில அடிக்கம்பி ஈ, சுமார் 41 ஹெர்ட்ஸ். அஞ்சாவதா சேர்ற பி கம்பி, சுமார் 31. ஆகக்கூடி கீழ கிடைக்கறது அஞ்சே அஞ்சு நோட்டு. ஆறு கம்பின்னா மேல வழக்கமா ஒரு சி கம்பியும் சேரும்.

இதுக்கு நாம கொடுக்கற விலை? அகலமான நெக், தோள்பட்டையில கூடுதல் கனம், தொடாமலே ரீங்காரம் போடற ஒரு தடிக்கம்பி. வாசிக்காத கம்பியை அமுக்கி வைக்கறதுதான் பேஸ்ல பாதி வேலை. கத்துக்கும்போதே அதை ஏன் கூட்டிக்கணும்?

அப்புறம் கொஞ்சம் பிசிக்ஸ். நீளம் பெரும்பாலும் அதே 34 அங்குலம், சுருதி மட்டும் கீழ போகணும். அப்போ கம்பி தடிக்கணும், இல்லைன்னா தளரணும். மலிவான பேஸ்ல அந்த பி கம்பி 'டூம்'னு பேசாம 'பொத்'துன்னு விழறது இதனாலதான். சில கம்பெனிங்க 35 அங்குலத்துக்குப் போனதுக்கும் இதுதான் காரணம். ஒரே பட்ஜெட்ல அஞ்சு கம்பி சுமாரா கிடைக்கும், நாலு கம்பி நல்லதா கிடைக்கும்.

நாலு பத்தாதுன்னு சொல்றவங்க ஜேம்ஸ் ஜேமர்சனைக் கேளுங்க. 1962 மாடல் ஃபெண்டர் பிரிசிஷன், நாலே கம்பி, வலது கையில பெரும்பாலும் ஆள்காட்டி விரல் மட்டும். மோட்டவுன் பாட்டுகளையே தூக்கி நிறுத்தினார் மனுஷன். ஜாக்கோ பாஸ்டோரியஸ் பேர் வாங்கினதும் நாலு கம்பியிலதான்.

அதுக்காக மத்ததெல்லாம் பந்தான்னு சொல்லலை. அந்தோணி ஜாக்சன் 1975ல ஆறு கம்பி பேஸ் செய்யச் சொல்லி வாங்கினது சீன் போடறதுக்கு இல்லை, அவருக்குத் தேவை இருந்துச்சு. பாடறவர் "எனக்கு எட்டலை, சி-க்கு இறக்குங்க"ன்னு சொன்னா, நாலு கம்பிக்காரர் கீழ் சி கிடைக்காம ஒரு ஆக்டேவ் மேல தாவணும். பாட்டுக்கு அடியில தரையே காணாமப் போன மாதிரி இருக்கும். அஞ்சு கம்பியில பி-யோட அஞ்சாவது ஃப்ரெட்லயே ஈ இருக்கு, கையை நகர்த்தாம வாசிக்கலாம். வாராவாரம் மேடை ஏறி, சுருதி மாத்தி வாசிக்கறவங்க தாராளமா வாங்கலாம்.

மத்தவங்களுக்கு ஒரு டெஸ்ட். நீங்க வாசிக்கற பத்து பாட்டை எடுங்க. ஈ-க்குக் கீழ எத்தனை தடவை போகணும்னு எண்ணுங்க. ஒண்ணு ரெண்டுன்னா, ஈ கம்பியை டி-க்குத் தளர்த்தினாலே போதும், செலவு பூஜ்யம். அதுக்கும் மேலன்னா, அஞ்சு கம்பி செட்டுல தடியான நாலை மட்டும் மாட்டி பி, ஈ, ஏ, டி-ன்னு சுருதி கூட்டலாம். நட்டுல பள்ளத்தைக் கொஞ்சம் அகலமாக்கணும், நெக்கையும் சரி பண்ணணும், அவ்ளோதான். அப்பவும் பத்தலையா? அதுக்கப்புறம் அஞ்சு வாங்குங்க. அப்போ ஏன் வாங்கறோம்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.

ஆறு கம்பிக் கட்சிக்காரங்க தயவுசெஞ்சு வீட்டுக்கு ஆட்டோ அனுப்பாதீங்க :-)