தீப் பாதுகாப்பு அறிக்கை வாசலுக்கு வரட்டும்

கொல்கத்தா தாகுரியாவில் உள்ள ஏஎம்ஆர்ஐ மருத்துவமனையின் அடித்தளத்தில் 2011 டிசம்பர் 9 அதிகாலை தீப்பிடித்தது. கார் நிறுத்தவென்று அனுமதி பெற்ற தளம் அது. ஆனால், எளிதில் பற்றிக்கொள்ளும் பொருள்கள் அங்கே குவித்து வைக்கப்பட்டிருந்தன. புகை ஏசி குழாய்கள் வழியே மேல் தளங்களுக்கு ஏறியது. கண்ணாடியால் மூடிய கட்டடத்தில் அது வெளியேற வழியில்லை. சுமார் 90 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மூச்சுத் திணறியே மாண்டார்கள். கேரளத்திலிருந்து அங்கு வேலைக்குப் போயிருந்த இரண்டு இளம் செவிலியர்கள், எட்டு நோயாளிகளைக் காப்பாற்றிவிட்டு அடுத்தவரை மீட்கப் போன இடத்தில் உயிரிழந்தார்கள்.

அடித்தளத்தின் நிலை தீயணைப்புத் துறைக்கு முன்பே தெரியும். சில மாதங்களுக்கு முன்னரே எச்சரித்திருந்தது. பொருள்களை அகற்றிவிடுவதாக மருத்துவமனை நிர்வாகமும் எழுதிக் கொடுத்திருந்தது. ஆய்வு நடந்தது, குறை கண்டறியப்பட்டது, உறுதிமொழியும் வாங்கப்பட்டது. அதன்பின் எல்லாம் கோப்புக்குள் போய்விட்டது. அங்கே படுத்திருந்த நோயாளிகளுக்கோ அவர்களைச் சேர்த்த குடும்பங்களுக்கோ ஒரு வரிகூடத் தெரியாது.

சுமார் பன்னிரண்டரை ஆண்டுகள் கழித்து, 2024 மே 25 அன்று, ஒரே நாளில் இரண்டு நகரங்களில் இதே கதை நடந்தது. ராஜ்கோட்டில் விளையாட்டு அரங்கு ஒன்று எரிந்து, சிறுவர்கள் உட்பட 27 பேர் பலியாயினர். தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று இல்லாமலேயே அந்த அரங்கு இயங்கிவந்தது. அதை இடிக்கச் சொல்லி மாநகராட்சி 2023-லேயே உத்தரவிட்டிருந்தது, உத்தரவு நிறைவேற்றப்படவில்லை. அன்றிரவு டெல்லி விவேக் விகாரில் தனியார் மருத்துவமனை ஒன்று தீப்பிடித்து, பிறந்து சில நாள்களே ஆன சிசுக்கள் இறந்தன. அதன் உரிமம் மார்ச் 31-ஆம் தேதியே காலாவதியாகியிருந்தது. ஐந்து படுக்கைகளுக்கு அனுமதி பெற்ற இடத்தில் 12 சிசுக்கள் சேர்க்கப்பட்டிருந்தன.

மூன்று இடங்களிலும் அரசு அலுவலகத்தின் ஏதோ ஒரு மேசையில் உண்மை இருந்தது. அது மக்களிடம் வந்து சேரவில்லை என்பதுதான் அடிப்படைக் கோளாறு. ஆகவே, மக்கள் கூடும் ஒவ்வொரு கட்டடத்தின் தீப் பாதுகாப்பு ஆய்வறிக்கையும் அதன் வாசலிலும் இணையத்திலும் வெளியிடப்பட வேண்டும். குறை தீராத கட்டடம், குறித்த தேதியில் தானாகவே மூடப்பட வேண்டும். இதைச் சட்டமாக்கத் தமிழக அரசு இனியும் காத்திருக்கக் கூடாது.

காத்திருப்பதற்கு நமக்கு உரிமையும் இல்லை. 2004 ஜனவரியில் தீப்பற்றிய ஸ்ரீரங்கம் திருமண மண்டபம், அதே ஆண்டு ஜூலை 16-இல் 94 குழந்தைகளைப் பறித்த கும்பகோணம் பள்ளி, 2024 டிசம்பர் 12-இல் திண்டுக்கல் தனியார் மருத்துவமனையில் ஆறு உயிர்கள் என நம் ஊர்ப் பட்டியலும் நீளமானது. கும்பகோணத்துக்குப் பிறகு பள்ளிகளின் கூரைக் கொட்டகைகள் அகற்றப்பட்டன. அது தேவையான நடவடிக்கை. ஆனால், கூரை போன இடத்தில் கட்டப்பட்ட கான்கிரீட் மாடியில் படிக்கட்டு எத்தனை, அகலம் எவ்வளவு, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்ற கேள்விகள் ஆண்டுதோறும் கேட்கப்பட வேண்டியவை.

நேர்மையான ஆய்வு எப்படி இருக்க வேண்டும்? சுவரில் மாட்டிய தீயணைப்பானின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா, அதன் அட்டையில் கடைசியாகப் பரிசோதித்த தேதி என்ன என்று பார்க்க வேண்டும். ஹோஸ் பெட்டியைத் திறந்து, குழாயின் முனையில் நாசில் இருக்கிறதா என்று தேட வேண்டும். பம்பை ஓடவிட்டு மேல்மாடிக் குழாயில் தண்ணீர் எந்த அழுத்தத்தில் வருகிறது என்று அளக்க வேண்டும். அவசரக் கதவைத் தள்ளிப் பார்க்க வேண்டும். பூட்டும் சங்கிலியும் போட்டிருந்தால் அதைப் படமெடுத்து அறிக்கையில் சேர்க்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்தி, படிக்கட்டில் அவசர விளக்கு எரிகிறதா என்று சோதிக்க வேண்டும். அலுவலகத்தில் காபி குடித்துவிட்டுப் படிவத்தில் ‘திருப்தி’ என்று எழுதுவது ஆய்வாகாது.

மகாராஷ்டிரத்தின் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கட்டட உரிமையாளர்கள் ஜனவரியிலும் ஜூலையிலும் உரிமம் பெற்ற நிறுவனத்திடம் சான்று வாங்கித் தீயணைப்புத் துறைக்கு அனுப்ப வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆயினும் அதே மாநிலத்தில் பண்டாரா அரசு மருத்துவமனையில் 2021 ஜனவரியில் 10 சிசுக்கள் தீயில் இறந்தன. அதே ஆண்டு நவம்பரில் அகமதுநகர் அரசு மருத்துவமனையில் கொரோனா நோயாளிகள் பலியாயினர். உரிமையாளருக்கும் துறைக்கும் இடையே மட்டும் காகிதம் போய்வந்தால், அது வராமல் போனாலும் கேட்க ஆளிருக்காது. தமிழகம் மகாராஷ்டிரத்தின் காலக்கெடுவை எடுத்துக்கொண்டு, அங்கே விடுபட்ட வெளிப்படைத்தன்மையைச் சேர்க்க வேண்டும். சிங்கப்பூரில் 200 பேருக்கு மேல் கூடும் பொதுக் கட்டடங்கள் தகுதிபெற்ற பொறியாளரின் சோதனைக்குப் பிறகு ஆண்டுதோறும் தீச் சான்றிதழ் பெற்றாக வேண்டும். அந்தப் பொறியாளரின் பொறுப்பு இங்கேயும் வரட்டும். பொய் அறிக்கை தந்தால் உரிமம் பறிபோவதோடு குற்ற வழக்கும் பாய வேண்டும்.

சிறு மருத்துவமனைகளும் விடுதிகளும் செலவைத் தாங்காது என்ற வாதம் எழும். ஸ்பிரிங்க்ளர், பம்பு போன்றவற்றுக்கு அவகாசமும் கடனுதவியும் தரலாம். ஆனால், படிக்கட்டில் அடுக்கிய அட்டைப் பெட்டிகளை நகர்த்தவும், மொட்டைமாடிக் கதவின் பூட்டை எடுக்கவும் காசு வேண்டியதில்லை; அவற்றுக்கு ஒரு நாள் அவகாசமும் தரக் கூடாது. ஆய்வு கூடினால் கையூட்டும் கூடும் என்று அஞ்சுவோரும் உண்டு. அறிக்கை படங்களோடு வெளியாகும்போது, பூட்டிய கதவைத் திறந்திருப்பதாக எழுதும் துணிவு எந்த அதிகாரிக்கும் எளிதில் வராது. அந்தக் கதவை நோயாளியின் உறவினரே தள்ளிப் பார்த்துப் புகார் செய்ய முடியும். ஆள் பற்றாக்குறை என்று துறை சொன்னால், பணியிடங்களை நிரப்புவது அரசின் கடமை.

சட்டம் வரும்வரை முதல் வேலையை ஓர் அரசாணையிலேயே தொடங்கலாம். ஒவ்வொரு மாவட்ட ஆட்சியரும் தம் மாவட்டத்தின் மருத்துவமனைகள், பள்ளிகள், விடுதிகள், திருமண மண்டபங்கள் ஆகியவற்றின் பட்டியலை, தீயணைப்பு உரிமம் முடியும் தேதியோடும் கடைசி ஆய்வில் கண்ட குறைகளோடும் மாவட்ட இணையதளத்தில் தமிழில் வெளியிட வேண்டும். இந்தத் தகவல் துறையின் கோப்புகளில் ஏற்கெனவே இருக்கிறது. அடுத்த கல்வியாண்டுக்குப் பள்ளிகள் திறக்கும் முன் அந்தப் பட்டியல் பெற்றோர் கைக்கு வர வேண்டும்.