புதுமுயலும் பழம்பட்டியும்

முயல் வளர்ப்பு எளிய குடும்பத்தார்க்கும் ஏற்ற தொழில் என்பது பலரும் அறிந்ததே. சிறிது இடமும், பசும்புல்லும், காலையும் மாலையும் கருத்தோடு பேணுவார் ஒருவரும் இருப்பின் அதனைத் தொடங்கலாம். ஏறத்தாழ 31 நாள் சினையிருந்து பல குட்டிகளை ஈனும் இவ்வுயிர், சில திங்களிற் பட்டியை நிறைத்துவிடும். ஆயின், விரைவிற் பெருகும் இச்செல்வம் அதனினும் விரைவில் அழிதலும் உண்டு. அவ்வழிவைப் பன்முறையும் உடையவரே விலைகொடுத்து வாங்கி வருகின்றனர். ஆதலின், புதிதாய் வந்த முயலை 30 நாளேனும் தனித்து வைத்து, நோயின்மை தெளிந்த பின்னரே பழைய முயல்களோடு சேர்த்தல் வேண்டும் என்பது எமது துணிபு.

‘கொழுகொழுவென்று நன்றாய்த்தானே இருக்கின்றது, இதற்கு ஏன் காவல்?’ என வினவுவாருளர். புறத்தோற்றம் உடல்நலத்திற்குச் சான்றாகாது. பாஸ்டுரெல்லா என்னும் நுண்கிருமி முயலின் மூக்கினுள் நெடுங்காலம் அடங்கியிருக்கும். பயணத்தின் அலுப்பும் தீவன மாற்றமும் உடலைத் தளர்த்தியபோதே தும்மலும் மூக்கொழுக்கும் தோன்றும். காதுச்சொறி விளைக்கும் சிற்றுண்ணி முட்டையினின்று வளர்ந்து முதிர ஏறக்குறைய 3 வாரம் செல்லும். காக்சிடியா என்னும் நுண்ணுயிர் பெரிய முயலிற் குறியின்றி வாழ்ந்து, அதன் புழுக்கை வழியே பரவிக் குட்டிகளைக் கொல்லும். முதல் நாளின் ஒரு பார்வை இவற்றுள் எதனைக் கண்டறியும்?

1984ஆம் ஆண்டிற் சீனத்தின் ஜியாங்சு மாகாணத்தில் நிகழ்ந்ததை நோக்குக. முயல்களுக்கு வரும் குருதிக்கசிவு நோய், ஜெர்மனியிலிருந்து அங்குக் கொண்டுவரப்பட்ட அங்கோரா முயல்களிடையே முதன்முதலிற் காணப்பட்டது. ஓராண்டிற்குள் அந்நாட்டில் ஏறத்தாழ 14 கோடி வளர்ப்பு முயல்கள் மாண்டன என்று கணக்கிடுவர். அந்நோயின் வைரஸ் உடலிற் புகுந்த சில நாளிலேயே கொல்லும். பன்முறையும் சாவே அதன் முதற்குறியாம்.

இனி, ‘விற்றவர் நம்பிக்கைக்குரியவர்’ என்பாரும் உளர். இன்று துப்ரோவ்னிக் எனப்படும் ரகூசா நகரத்தார், கொள்ளைநோய் பரவிய இடங்களிலிருந்து வந்தோரை 30 நாள் ஒதுக்கி வைக்க 1377இலேயே சட்டம் செய்தனர். பின்னர் அது 40 நாளாக நீண்டமையால், நாற்பதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லினின்று ‘குவாரண்டைன்’ என்னும் பெயர் பிறந்தது. வந்த வணிகரைப் பொய்யர் என்றா ஒதுக்கினர்? மெய்யரும் தாம் அறியாத நோயைச் சுமந்து வருதல் கூடும் என்பதனாலன்றோ!

‘கூடிவாழும் உயிரைத் தனித்து வைத்தல் கொடுமை’ என்னும் கூற்றை யாம் எளிதிற் புறக்கணியோம். அதனாலேயே, ஓரிடத்தினின்று வாங்கிய இணங்கிய இரண்டை ஒருங்கே வைத்தல் நன்று. ஆயினும், இரண்டின் தனிமைக்கு இரங்கி இருபதின் உயிரைப் பணயம் வைத்தல் அருளாகாது.

காவல் பெயரளவில் நிற்றலும் பயனின்று. 1995இல் ஆஸ்திரேலியாவின் வார்டாங் தீவில் ஆராய்ச்சிக்காகக் காவலுள் வைக்கப்பட்ட இதே வைரஸ், கடல் கடந்து பெருநிலத்தை அடைந்தது. ஈக்களே அதனைச் சுமந்தன என்று கருதுவர். ஆகவே புதுமுயலுக்கு வேறு கூரையும், வேறு கலங்களும், ஈ புகாத வலையும் வேண்டும். பழைய முயல்களுக்கு முன்னரும் புதியவற்றிற்குப் பின்னரும் தீவனமிடுக. கை கழுவி, உடையும் செருப்பும் மாற்றாது பட்டிக்குத் திரும்பற்க. உண்ணும் அளவு, புழுக்கை, மூக்கு, காது ஆகியவற்றை நாடோறும் நோக்கிக் குறித்து வருக. ஒன்று இறப்பின் புதைத்துவிட்டு வாளாவிராது, கால்நடை மருத்துவரிடம் காட்டிக் காரணம் அறிக.

கல்லூரியை விட்டு ஊர் திரும்பும் நம் மாணவருட் சிலர் இத்தொழிலை மேற்கொள்ளலாம். பலர் பிறர்க்கு அறிவு கூறும் நிலையிலேனும் இருப்பர். பத்து முயலையே முதலாகக் கொண்ட வீட்டில், அவை ஒருவாரத்தில் மடிந்தால் அழிவது முயல் மட்டுமன்று. பிள்ளையின் பள்ளிச் சம்பளமும் அதனோடு அழியும். அவ்வீட்டாரிடம் நாம் சொல்லத்தக்கது ஒன்றே: புதுவரவை வரவேற்க; ஆனால் முப்பது நாள் வாயிலில் நிறுத்தி வரவேற்க.