வாங்கியவர் சொன்னால் நம்பலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அதோடு நின்றுவிடுவதில்லை. ஸ்பீக்கர், பிரிண்டர், வெளியே இணைக்கும் ஹார்ட் டிஸ்க், பெரிய மானிட்டர் என்று அடுத்தடுத்து வாங்கிக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொன்றையும் வாங்கும் முன் நாம் எல்லோரும் செய்கிற காரியம் ஒன்றுதான். ஏற்கெனவே வாங்கியவர் என்ன சொல்கிறார் என்று பார்க்கிறோம். "நாலரை ஸ்டார் இருக்கிறது, வாங்கிவிடலாம்" என்று முடிவு செய்கிறோம்.

விலை குறைந்த பொருளுக்கு இந்த வழி போதும். விலை கூடிய பொருளுக்கு இது போதாது என்பது என் கருத்து. இதை நான் ஒரு டிவிடி பிளேயரில்தான் கற்றுக்கொண்டேன். இதில் ஏமாந்தவன் நான் இல்லை. என் பேச்சைக் கேட்டவர்.

நான் சொன்ன கருத்து

2006ல் 38,000 ரூபாய் கொடுத்து ஒரு டிவிடி பிளேயர் வாங்கினேன். அப்போது மூன்று, நான்காயிரம் ரூபாய்க்கே கடைகளில் டிவிடி பிளேயர்கள் கிடைத்தன. என்னுடையது நல்ல கனம். முன்பக்கம் முழுவதும் அலுமினியம். டிஸ்க் வைக்கும் தட்டு சத்தமே இல்லாமல் வெளியே வரும். 32 இன்ச் எல்.சி.டி. டிவியில் இணைத்து, வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் உட்கார வைத்துப் படம் காட்டினேன். "சாதாரண பிளேயருக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்" என்று சொன்னேன்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவருக்குப் பணிக்கொடைத் தொகை கைக்கு வந்திருந்த நேரம். "தம்பி, நீங்க வச்சிருக்கிறதையே வாங்கிடலாம்னு பார்க்கிறேன்" என்றார். "கண்ணை மூடிக்கிட்டு வாங்குங்க சார்" என்றேன். வாங்கிவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து வழியில் பார்த்தபோது தயங்கித் தயங்கிக் கேட்டார். "தம்பி, நீங்க சொன்ன வித்தியாசம் எனக்கு மட்டும் தெரிய மாட்டேங்குது. போன வருஷம் கண்புரை ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன்ல, அதனால இருக்குமோ?"

அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். 21 இன்ச் பிக்சர் டியூப் டிவி. பிளேயரோடு வந்த மஞ்சள் பின் ஒயரில் இணைத்திருந்தார். அந்த டிவியில் அதைத் தவிர வேறு இணைப்பும் இல்லை. குறை அவர் கண்ணில் இல்லை.

பணம் எங்கே போகிறது?

இதைப் புரிந்துகொள்ள டிவிடி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு டிவிடி படத்தின் ஒவ்வொரு பிரேமிலும் 720க்கு 576 புள்ளிகள் உண்டு. அமெரிக்க முறை டிஸ்க்கில் 720க்கு 480. மூவாயிரம் ரூபாய் பிளேயரில் போட்டாலும், முப்பத்தெட்டாயிரம் ரூபாய் பிளேயரில் போட்டாலும் டிஸ்க்கில் இருப்பது அவ்வளவுதான். 2007ல் மோசர் பேயர் நிறுவனம் டிவிடி படங்களை 34 ரூபாய்க்கு விற்றது. அந்த டிஸ்க்கில் இல்லாத விவரத்தை எந்த பிளேயரும் கொண்டுவர முடியாது.

பிறகு விலை எதற்கு? பழைய டிவிகள் ஒரு பிரேமை இரண்டு பாதியாக, ஒற்றைப்படை வரிகள் ஒரு முறை, இரட்டைப்படை வரிகள் ஒரு முறை என்று காட்டின. எல்.சி.டி. டிவியும் கம்ப்யூட்டர் மானிட்டரும் எல்லா வரிகளையும் ஒரே நேரத்தில் காட்டுகின்றன. அதற்காக இரண்டு பாதிகளையும் சேர்த்து ஒரு முழு பிரேம் ஆக்க வேண்டும். இதற்கு டிஇன்டர்லேஸிங் என்று பெயர். அதன் பிறகு திரையின் அளவுக்குப் படத்தைப் பெரிதாக்க வேண்டும். 1920க்கு 1080 புள்ளிகள் உள்ள திரையை டிவிடி படத்தால் நிரப்பினால், திரையில் உள்ள புள்ளிகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு கணக்குப் போட்டு உருவாக்கப்பட்டவை. இந்த இரண்டு வேலைகளையும் நன்றாகச் செய்யும் சிப்புக்கும், உள்ளே இருக்கும் பவர் சப்ளை, ஆடியோ பகுதிக்கும்தான் உயர்விலை பிளேயரில் பணம் கொடுக்கிறோம்.

தலைமை ஆசிரியர் வீட்டு டிவி பாதிப் பாதியாகக் காட்டும் டிவி. அங்கே அந்த விலை உயர்ந்த சிப்புக்கு வேலையே இல்லை! என் டிவியில் பார்த்ததை வைத்து அவர் டிவிக்கு நான் சிபாரிசு செய்துவிட்டேன்.

என் டிவியிலாவது சரியா?

மனம் உறுத்தியதால் ஒரு சோதனை செய்தேன். சித்தப்பா மகனிடமிருந்து மூவாயிரம் ரூபாய் பிளேயரை வாங்கி வந்தேன். இரண்டையும் ஒரே டிவியில், ஒரே வகை காம்பொனன்ட் கேபிளில் இணைத்து, ஒரே படத்தின் இரண்டு டிஸ்க்குகளைப் போட்டேன். எது ஓடுகிறது என்று சொல்லாமல் அவனையே மாற்றி மாற்றிக் காட்டச் சொன்னேன்.

சினிமாப் படத்தில் நான் பல தடவை தவறாகச் சொன்னேன். வீடியோ கேமராவில் எடுத்த கச்சேரி டிஸ்க்கில் மட்டும் ஒவ்வொரு முறையும் சரியாகச் சொன்னேன். வயலின் வில்லின் ஓரம் சாதாரண பிளேயரில் படிக்கட்டு போலத் தெரிந்தது. என்னுடையதில் நேர்கோடாக இருந்தது. வித்தியாசம் உண்மைதான். ஆனால் மலையும் மடுவும் இல்லை.

நான் பொய் சொல்லவில்லை. 38,000 ரூபாய் கொடுத்தவனுக்குப் படம் அழகாகத்தான் தெரியும். பணம் கொடுத்த முதல் வாரத்தில், வேறு எதனோடும் ஒப்பிடாமல் சொல்லும் கருத்து பொருளைப் பற்றியது அல்ல. பணத்தைப் பற்றியது.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2001ல் டான் முன்சில், ஸ்டேசி ஸ்பியர்ஸ் என்ற இருவர் அமெரிக்காவில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். டிவிடியில் நான்கு புள்ளிகளுக்கு ஒரு நிற மதிப்புதான் பதிவாகியிருக்கும். அதை விரித்துக் காட்டும் கணக்கைப் பல பிளேயர்கள் தவறாகப் போடுகின்றன, அதனால் சிவப்பு நிற ஓரங்களில் கோடு கோடாகத் தெரிகிறது என்று அவர்கள் காட்டினார்கள். விலை உயர்ந்த பிளேயர்களிலும் இந்தக் குறை இருந்தது. அதற்கு முன் எத்தனையோ உரிமையாளர்கள் அந்தப் படத்தைப் பார்த்துப் பாராட்டிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு செய்தி 2010ல் வந்தது. லெக்ஸிகன் நிறுவனத்தின் பிடி-30 என்ற ப்ளூ-ரே பிளேயரின் விலை 3,500 டாலர். அதைத் திறந்து பார்த்தபோது உள்ளே ஒப்போ நிறுவனத்தின் பிடிபி-83 பிளேயர் இருந்தது. அதன் விலை 499 டாலர். டிவிடியும் போடக்கூடிய இந்த இரண்டு பெட்டிகளில் எது நல்ல படம் காட்டும் என்று உரிமையாளர்களைக் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

என்ன கேட்க வேண்டும்?

அப்படியானால் வாங்கியவரிடம் எதையும் கேட்கவே கூடாதா? கேட்க வேண்டும். கேள்வியைத்தான் மாற்ற வேண்டும். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "அருமை" என்றுதான் பதில் வரும். ஒரு வருடம் கூடவே இருந்தவருக்கு மட்டும் தெரிந்த விஷயங்களைக் கேளுங்கள்.

1. வாங்கி எத்தனை மாதம் ஆகிறது? ஒரு மாதத்துக்குள் என்றால் அந்தக் கருத்தை ஒதுக்கி வையுங்கள்.

2. எந்த டிவியில், எந்த கேபிளில் இணைத்திருக்கிறார்? உங்கள் வீட்டில் இருப்பது அதுவா?

3. முன்பு எது வைத்திருந்தார்? பழைய விசிடி பிளேயரிலிருந்து வந்தவருக்கு எந்த டிவிடி பிளேயரும் சொர்க்கம்தான்.

4. கீறல் விழுந்த டிஸ்க்கைப் படிக்கிறதா? என்னுடையது மறுத்த டிஸ்க்குகளைச் சித்தப்பா மகனின் பிளேயர் படித்தது.

5. பழுதானால் யார் பார்க்கிறார்கள்? ரிமோட் உடைந்தால் வேறு கிடைக்கிறதா? இன்று இதுதான் முதல் கேள்வி. உயர்விலை பிளேயர்களுக்குப் பெயர்பெற்ற ஒப்போ டிஜிட்டல் கூடத் தயாரிப்பை நிறுத்துவதாக 2018 ஏப்ரலில் அறிவித்துவிட்டது. பழைய பிளேயரை யாராவது விற்க வந்தால் லென்ஸ் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பிளேயர் என்றால் இன்னும் இரண்டு கேள்விகள். அது 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்யப்பட்டதா, நம் 230 வோல்ட்டுக்கும் பொருந்துமா? ரீஜன் 1 டிஸ்க்குகளை மட்டும் ஏற்குமா, இந்தியாவுக்குரிய ரீஜன் 5 டிஸ்க்குகளையும் ஏற்குமா?

கம்ப்யூட்டரே சோதனைக்கூடம்

அலமாரியில் டிவிடிகள் இருந்து, அவற்றுக்காக நல்ல பிளேயர் தேடுகிறீர்களா? முதலில் உங்கள் கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். புதிய லேப்டாப்களில் பெரும்பாலும் டிவிடி டிரைவ் இருப்பதில்லை. யு.எஸ்.பி.யில் இணைக்கும் டிரைவ் கிடைக்கிறது. 2012ல் விண்டோஸ் 8 வந்தது முதல், தனி சாப்ட்வேர் இல்லாமல் விண்டோஸில் டிவிடி படங்கள் ஓடுவதில்லை. இலவசமாகக் கிடைக்கும் வி.எல்.சி. பிளேயரை இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள். அதன் வீடியோ மெனுவில் டிஇன்டர்லேஸ் என்ற பிரிவு இருக்கும். அதை ஆப் செய்து ஒரு முறையும், யாடிஃப் என்ற முறையைத் தேர்ந்தெடுத்து ஒரு முறையும் பாருங்கள். கச்சேரி, கிரிக்கெட் போன்ற டிஸ்க்குகளில் வித்தியாசம் தெரியும். உயர்விலை பிளேயர்கள் எந்த வேலைக்காகப் பணம் கேட்டன என்று உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடலாம். அந்த வித்தியாசம் உங்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை என்றால் அந்தப் பணம் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. கம்ப்யூட்டர் டிவிடி டிரைவில் ரீஜனை 5 முறைதான் மாற்ற முடியும். அதன் பிறகு கடைசியாக வைத்த ரீஜனிலேயே நின்றுவிடும். விளையாட்டாக மாற்றிப் பார்க்க வேண்டாம்.

நீங்களும் கருத்துச் சொல்வீர்கள்

கம்ப்யூட்டர் வைத்திருப்பவரிடம் அக்கம்பக்கத்தில் யோசனை கேட்பார்கள். "எது வாங்கலாம்?" என்று உங்களிடமும் கேட்கும் நாள் வரும். அப்போது உங்கள் சொல்லில் இன்னொருவர் பணம் இருக்கிறது. எத்தனை நாள் பயன்படுத்தினீர்கள், எதனோடு ஒப்பிட்டீர்கள், எங்கே ஏமாற்றமாக இருந்தது என்று சேர்த்துச் சொல்லுங்கள். அவர் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

தலைமை ஆசிரியரிடம் நடந்ததைச் சொல்லி, அந்த பிளேயரை வாங்கிய விலைக்கே நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் சம்மதிக்கவில்லை. "பாட்டு சிடி நல்லா பாடுது தம்பி, இருக்கட்டும். என் கண்ணு சரியாத்தான் இருக்குன்னு சொன்னீங்களே, அது போதும்" என்றார்.

அன்று அவரிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்: "நல்ல பிளேயர் சார். வாங்கி ஒரு மாசம்தான் ஆகுது. வேற எதோடவும் ஒப்பிட்டுப் பார்க்கலை. உங்க டிவிக்கு மூவாயிரம் ரூபாய் பிளேயரே போதும்."