முதலில் பழுதுபார்ப்போம்



யூதாவை ஆண்ட யோவாஸ் ராஜாவின் நாட்களில் எருசலேம் தேவாலயத்தில் பழுதுகள் மிகுந்திருந்தன. அவற்றைச் சரிசெய்வதற்கென்று ஜனங்கள் கொண்டுவரும் பணத்தை ஆசாரியர்கள் வாங்கிக்கொள்ளும்படி ராஜா கட்டளையிட்டிருந்தான். ஆனாலும் அவனுடைய அரசாட்சியின் 23ஆம் வருஷம் மட்டும் பழுதுகள் பழுதுகளாகவே கிடந்தன என்று இரண்டாம் இராஜாக்கள் 12ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். பின்பு ஆசாரியனாகிய யோய்தா ஒரு பெட்டியை எடுத்து, அதன் மூடியில் துவாரமிட்டு, பலிபீடத்தின் அருகே வைத்தான். அதில் சேர்ந்த பணம் தச்சருக்கும் கொத்தருக்கும் கூலியாகக் கொடுக்கப்பட்டது.

அதே அதிகாரத்தில், நாம் கவனியாமல் கடந்துபோகிற ஒரு குறிப்பு உண்டு. அந்தப் பணத்தைக்கொண்டு வெள்ளிக் கிண்ணங்களோ எக்காளங்களோ செய்யப்படவில்லை. பழுது தீர்ந்தபின் மீந்த பணத்தில்தான் ஆலயத்துப் பணிமுட்டுகள் செய்யப்பட்டன என்று இரண்டாம் நாளாகமம் 24ஆம் அதிகாரம் சொல்லுகிறது. முதலில் பழுது தீர வேண்டும். புதிய எக்காளம் அதற்குப் பின்புதான்.

இந்த வரிசை நமக்கு இன்று ஏன் தேவைப்படுகிறது? நம் ஆலயத்தின் பேஸ் கிட்டார் ஆம்ப்ளிஃபயர் மூன்று வாரங்களாக ஊமையாயிருக்கிறது. சுவிட்சைப் போட்டால் விளக்குகூட எரிவதில்லை. புதியது வாங்க வேண்டும் என்ற கோரிக்கை சபைக் கமிட்டியின் முன் வந்திருக்கிறது. ஜூன் மாதத்தில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்திற்கென்று சேர்த்துவைத்த கல்வி உதவி நிதியிலிருந்து தற்காலிகமாக எடுத்துக்கொள்ளலாம் என்ற யோசனையும் அதனுடன் வந்திருக்கிறது. கூட்டத்திற்கு முன்பாகவே என் கருத்தைத் தெளிவாய் எழுதுகிறேன். அந்த நிதியைத் தொடக்கூடாது. அந்த ஆம்ப்ளிஃபயரைத் தகுதியுள்ள ஒருவரிடம் காட்டி, அவர் சொல்வதைக் கேட்டபின்பே புதியதைப்பற்றிப் பேச வேண்டும்.

ஓய்ந்துபோன கருவியைச் சோதிக்க ஓர் ஒழுங்கு உண்டு. வெளியிலிருந்து உள்ளே, எளியதிலிருந்து கடினமானதற்குப் போக வேண்டும். நம் வாலிபர் அவ்வாறே செய்தார்கள். பிளக் பாயிண்டில் மின்சாரம் வருகிறதா என்று வேறொரு விளக்கை மாட்டிப் பார்த்தார்கள். பவர் கார்டை மாற்றிப் பார்த்தார்கள். பின்புறத்திலுள்ள ஃபியூஸைக் கழற்றி மல்டிமீட்டரால் சோதித்தபோது, அது போயிருப்பது தெரிந்தது. அதே அளவுள்ள புதிய ஃபியூஸைப் போட்டார்கள். சுவிட்சைப் போட்ட கணமே அதுவும் போயிற்று. அத்துடன் நிறுத்திக்கொண்டார்கள். அவர்கள் செய்தவற்றுள் மிகவும் ஞானமானது அந்த நிறுத்தம்தான்.

விளக்கு எரிந்தும் சத்தம் வராதிருந்தால் சோதனை வேறு வழியில் போயிருக்கும். ஆக்டிவ் வகை பேஸ் கிட்டாரானால் அதற்குள் இருக்கும் 9 வோல்ட் பேட்டரியைப் பார்க்க வேண்டும். கிட்டார் கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும். மியூட் பொத்தான் அழுந்தியிருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். ஹெட்ஃபோன் ஜாக்கிலும், எஃபெக்ட் கருவிகளை இணைக்கும் ஜாக்குகளிலும் உள்ள சிறு தகடுகளில் அழுக்கேறினாலே ஒலி நடுவழியில் நின்றுவிடும். ஸ்பீக்கரை இணைப்பிலிருந்து கழற்றி மல்டிமீட்டரில் அளந்தால், 8 ஓம் ஸ்பீக்கர் ஏறக்குறைய 6 ஓம் காட்டும். ஒன்றும் காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கலாம். இவற்றுள் பெரும்பாலானவற்றிற்குப் பெட்டியைத் திறக்கவே தேவையில்லை.

நம்முடைய நிலை அதுவன்று. புதிய ஃபியூஸும் உடனே போகிறதென்றால், பெரும்பாலும் உள்ளே ஏதோ ஒன்று ஷார்ட் ஆகியிருக்கிறது என்பது பொருள். மின்சாரத்தை நேர்மின்னோட்டமாக மாற்றும் டயோடுகளாகவோ, ஸ்பீக்கரை இயக்கும் பவர் டிரான்ஸிஸ்டர்களாகவோ இருக்கலாம். இவை மாற்றக்கூடிய பாகங்களே. அனுபவமுள்ள மெக்கானிக் ஒரு குண்டு பல்பைத் தொடரிணைப்பில் வைத்துச் சோதிப்பார். பல்பு தொடர்ந்து பிரகாசமாய் எரிந்தால் ஷார்ட் இன்னும் இருக்கிறதென்று அறிவார்; மற்ற பாகங்களும் கருகாமல் காக்கப்படும்.

ஃபியூஸ் இருக்கும் இடத்தில் தடித்த கம்பியைச் சுற்றிவிடலாம் என்று நல்லெண்ணத்துடன் சிலர் சொன்னார்கள். அவர்களுக்கு அன்போடு சொல்லுகிறேன்: ஃபியூஸ் எரிந்துபோவது அதன் குறையன்று, அதன் ஊழியம். தான் போய் மற்றவற்றைக் காப்பதற்கே அது வைக்கப்பட்டிருக்கிறது. எச்சரிக்கையின் வாயை அடைத்துவிட்டால் ஆபத்து நீங்கிவிடாது. மேலும், பிளக்கைப் பிடுங்கிய பின்பும் உள்ளிருக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். 230 வோல்ட் மின்சாரத்தை நேரடியாக மாற்றும் நவீன பவர் சப்ளைகளில் அது 300 வோல்ட்டுக்கும் மேலிருக்கும். வால்வு ஆம்ப்ளிஃபயர்களில் அதைவிடவும் அதிகமாயிருக்கும். ஆகையால் பயிற்சியில்லாத எவரும் அந்தப் பெட்டியைத் திறக்க வேண்டாம். பணத்தை மிச்சப்படுத்த ஒரு பிள்ளையின் உயிரைப் பணயம் வைப்பது பக்தியன்று.

பழுதுபார்ப்பதைத் தாழ்ந்த வேலையாக எண்ணுகிறவர்களுக்கு ஒரு சரித்திரத்தை நினைவூட்டுகிறேன். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில், 1938ஆம் ஆண்டு லியோ ஃபெண்டர் என்பவர் ரேடியோ பழுதுபார்க்கும் கடை ஒன்றைத் திறந்தார். பிறருடைய கருவிகளைத் திறந்து, அவை எங்கே ஓய்ந்துபோகின்றன என்று பார்த்துப் பழகிய அந்தக் கைகளிலிருந்தே 1951இல் பிரிசிஷன் பேஸ் என்ற மின்சார பேஸ் கிட்டாரும், 1952இல் அதற்கென்றே பேஸ்மேன் என்ற ஆம்ப்ளிஃபயரும் வந்தன. இன்று நம் ஆராதனையில் ஒலிக்கும் பேஸ் கிட்டாரின் வம்சவரலாற்றில் ஒரு பழுதுபார்க்கும் மேசை இருக்கிறது.

அந்த மேசையில் உட்காருகிறவருக்குக் கூலி கொடுப்பதும் நம் கடமை. எலக்ட்ரீஷியனையும் பிளம்பரையும் மெக்கானிக்கையும் வரவழைத்து, வேலை முடிந்தபின், “கர்த்தருடைய காரியமாய் நினைத்துச் செய்யுங்கள்” என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்பும் பழக்கம் நம் சபைகளில் உண்டு. தானே மனமுவந்து இலவசமாய்ச் செய்பவரை நான் தடுக்கவில்லை. ஆனால் ஒருவருடைய உழைப்பைக் காணிக்கையாக்கும் உரிமை அவருக்கே உண்டு, நமக்கு இல்லை. யோவாஸின் நாட்களில் வேலைசெய்தவர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டது. அதைப் பகிர்ந்துகொடுத்தவர்கள் உண்மையாய் நடந்தபடியால் அவர்களிடத்தில் கணக்கும் கேட்கப்படவில்லை. நம்முடைய வரவுசெலவுத் திட்டத்திலும் பழுதுபார்ப்புக்கென்று ஒரு தனித் தொகை ஒவ்வொரு வருடமும் ஒதுக்கப்பட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுகிறேன்.

பழுதுபார்க்க இயலாதவையும் உண்டு; அதை மறுக்கவில்லை. மெக்கானிக் திறந்து பார்த்து, சர்க்யூட் போர்டே கருகிவிட்டது என்றோ, தேவையான பாகம் கிடைக்காது என்றோ, செலவு புதியதன் விலையை நெருங்குகிறது என்றோ சொன்னால், நன்றியோடு அதற்கு விடைகொடுத்துவிட்டு, அதற்கென்றே காணிக்கை சேர்த்துப் புதியதை வாங்குவோம். அதுவரை பேஸ் இல்லாமலே பாடுவோம். தேவன் நம்முடைய துதியை வாட்ஸ் கணக்கில் அளக்கிறவர் அல்லர்.

ஒன்று மட்டும் என் உள்ளத்தை உறுத்துகிறது. மௌனமாகிப்போன ஒரு பெட்டிக்காக நாம் இத்தனை பேர் கூடிப் பேசுகிறோம். மௌனமாகிப்போன மனிதரை நாம் எப்படி நடத்துகிறோம்? பல ஞாயிறுகளாய் ஆராதனைக்கு வராத ஒரு சகோதரனைப்பற்றி, “அவர் விசுவாசத்தில் பின்வாங்கிவிட்டார்” என்று எவ்வளவு எளிதில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்! வெளியிலிருந்து தொடங்கும் அந்த ஒழுங்கை அவரிடத்தில் கடைப்பிடித்தோமா? பேருந்துக்குக் காசு இருந்ததா, வீட்டில் நோய் உண்டா, நம்மில் யாராவது அவரைப் புண்படுத்தினோமா என்று விசாரித்தோமா? உள்ளத்தைத் திறந்து பார்க்கிறவர் கர்த்தர். வாசல்வரை போய் விசாரிப்பது நம் வேலை.

இந்த வாரத்தில் ஒவ்வொரு குடும்பமும், சில நாட்களாய் ஆலயத்தில் காணாத ஒருவரையாவது சென்று சந்தியுங்கள். கமிட்டி அங்கத்தினர்கள் கூட்டத்திற்கு வருமுன் நான் குறிப்பிட்ட இரண்டு அதிகாரங்களையும் வாசித்து வாருங்கள்.

பழுதானவைகளைப் புறக்கணியாத தேவன் தாமே உங்களை ஆசீர்வதித்துக் காப்பாராக. ஆமென்.