குழாய் அவங்களுது... உயிர் நம்மளுது!

"குழாய் போறது டெல்டா பக்கம்தானே, இலுப்பூருக்கு என்ன வந்துச்சு?" இப்படிக் கேட்கிறவர்களுக்குத்தான் இந்தப் பதிவு.

2014 ஜூன் 27, அதிகாலை. ஆந்திராவின் நகரம் கிராமத்தில் கெயில் எரிவாயுக் குழாய் வெடித்தது. 20க்கும் மேற்பட்டோர் கருகிச் செத்தார்கள். ஈரமில்லாத எரிவாயுவுக்காகப் போட்ட குழாயில் ஈர எரிவாயுவை விட்டார்கள், குழாய் அரித்துப்போனது.

குழாயின் நிலையைத் தொடர்ந்து சோதிக்கணும்னு ஒழுங்குமுறை வாரியம் 2012-லேயே விதி போட்டாச்சு. விதி இருந்தது. ஊர் எரிந்தது!

2017 ஜூன் 30, கதிராமங்கலம். ஓஎன்ஜிசி குழாயில் கச்சா எண்ணெய் கசிந்தது. கேள்வி கேட்ட மக்களுக்குக் கிடைத்தது தடியடி.

1962 சட்டப்படி நிலம் நம்ம பேர்லதான் இருக்கும். ஆனா குழாய் போற இடத்துல வீடு கட்டக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, மரம் வைக்கக்கூடாது. அதற்கு இழப்பீடு சந்தை மதிப்பில் வெறும் 10 சதவீதம்!

2020 வேளாண் மண்டலச் சட்டம் காப்பாத்துமா? புதுக்கோட்டையில் 5 ஒன்றியங்கள்தான் அதில் இருக்கு. நம்ம அன்னவாசல் இல்லை. அந்த 5-லயும் குழாய்த் திட்டங்களுக்கு விலக்கு!

ஆட்சியாளர்களே! குழாய்க்குள் கருவி விட்டுத் தடிமனை அளக்கிறீர்களே, அந்த அறிக்கை ஏன் கிராம சபைக்கு வருவதில்லை?

✊ சோதனை அறிக்கையை ஊர் முன்னாடி வை!
✊ அரித்த குழாயை மாற்று! மாற்றும்வரை நிறுத்து!

இலுப்பூர் சுத்துப்பட்டு உறவுகளே, குழாய் வந்தபிறகு கத்திப் பயனில்லை. அடுத்த கிராம சபையிலேயே தீர்மானம் போடுவோம். பகிருங்கள்!

#குழாய்அறிக்கையைவெளியிடு #இலுப்பூர்