பூச்சு பூசிட்டா போதுமா?



கிருமியைக் கொல்லும் பெயிண்ட் என்று டி.வி.யில் விளம்பரம் வருகிறது. வெள்ளி கலந்ததாம். கம்பெனி பஸ், பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் இதைப் பூசிட்டா நோயே வராது என்று நம்ம வகுப்பிலேயே சிலர் பேசுறாங்க. நான் ஒத்துக்க மாட்டேன்.

செம்பும் வெள்ளியும் கிருமியைக் கொல்லும் என்பது உண்மைதான். செம்பிலிருந்து வரும் அயனிகள் பாக்டீரியாவின் மேல்சவ்வைச் சிதைத்துவிடும். செம்பும் பித்தளை போன்ற கலவைகளும் 2 மணி நேரத்தில் 99.9 சதவீதத்துக்கு மேல் பாக்டீரியாவைக் கொல்லும் என்று சொல்லி விற்க, அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 2008-ல் அனுமதி தந்தது. நம்ம பாட்டி வீட்டுக் குடமும் அதே உலோகம்தான்! ஆனா அதே அனுமதியில் ஒரு நிபந்தனையும் உண்டு. வழக்கமான சுத்தம் செய்யும் வேலைக்கு இது துணைதான், அதை விட்டுவிடக் கூடாது.

அதுவும் 2 மணி நேரம்! ஷிப்ட் விடும்போது ஒரகடம் பஸ்ஸில் ஒரு கம்பியை இரண்டு நிமிஷத்தில் பத்துக் கை பிடிக்குது. தும்மின கையை எடுத்ததும் அடுத்த கை. செம்பு என்ன செய்யும், பாவம்? அதுமேல நம்ம ரோட்டு லாரிப் புழுதி படிஞ்சா கிருமி உலோகத்தைத் தொடவே தொடாது.

2021 டிசம்பரை மறந்துடாதீங்க. பாக்ஸ்கான் தொழிற்சாலை அக்காமார்கள் பூந்தமல்லி பக்கம் விடுதியில் சாப்பிட்டு, 150 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாங்க. மற்றவங்க நெடுஞ்சாலையில் உட்கார்ந்து போராடினாங்க. சில விடுதிகளும் சாப்பாட்டு அறைகளும் தரமாக இல்லை என்று ஆப்பிள் கம்பெனியே சொன்னது. எந்தப் பூச்சு அந்தச் சாப்பாட்டைச் சரி பண்ணியிருக்கும்? 2024-ல் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பை அரசு திறந்தது. அதைப் பாராட்டுகிறேன்.

பணம் இருந்தா முதலில் பஸ் நிறுத்தத்தில் தண்ணி வரும் குழாயும் சோப்பும் வையுங்கள். மீதி இருந்தா கைப்பிடிக்குப் பித்தளை போடலாம். அதுக்கு வார்னிஷ் அடிக்கக் கூடாது, அடிச்சா வேலை செய்யாது. சுவரை விட்டுடலாம். சுவரை யார் பிடிச்சுத் தொங்குறா?

பொது இடத்தில் சோப்பு வெச்சா காணாமப் போகும் என்பார்கள். எங்க அத்தை வெங்காய வலைக்குள்ள சோப்பைப் போட்டுக் குழாயில் கட்டியிருக்காங்க. அப்படியே இருக்கு. தலைமையாசிரியர் அம்மா சரின்னு சொன்னா, நம்ம பள்ளிக் குழாயில் திங்கட்கிழமையே நாங்க கட்டிடுறோம்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி