பயிற்சி வைத்தியரின் மானமும் வைத்தியசாலையின் கடமையும்

நிறத்தையோ பெயரையோ கண்டதும் "வேறு வைத்தியரை அனுப்புங்கள்" என்று கூறும் நோயாளிகள் இன்றும் உளர். எம்மவரின் பிள்ளைகள் பலர் பயிற்சி வைத்தியர்களாகக் கடமையாற்றும் இக்காலத்தில், இது எமது வீட்டுப் பிரச்சினையுமாகும்.

மொன்றியல் நகருக்கு இவ்விடயத்தில் கசப்பான வரலாறொன்று உண்டு. 1934இல் மொன்றியல் பல்கலைக்கழகத்தில் சிறப்பாகத் தேறிய சாமுவேல் ராபினோவிச் என்ற யூத இளைஞர் நோத்ர்டாம் வைத்தியசாலையில் பயிற்சி வைத்தியராக நியமிக்கப்பட்டார். யூன் மாதத்தில் சக பயிற்சி வைத்தியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். யூதரிடம் சிகிச்சை பெறுவதைக் கத்தோலிக்க நோயாளிகள் வெறுப்பார்கள் என்றும் அவர்கள் வாதிட்டனர். போராட்டம் ஏனைய வைத்தியசாலைகளுக்கும் பரவியது. நியமனத்தை இரத்துச் செய்ய நிர்வாகம் முதலில் மறுத்தது. ஆயினும் நோயாளிகள் கவனிப்பாரின்றித் தவிப்பதைக் கருதி, யூன் 18இல் ராபினோவிச் தாமே விலகினார். குற்றமற்றவரே விலை கொடுத்தார். நோயாளியின் பெயரால் துவேசம் வென்றது.

இன்று நிலைமை மாறியுள்ளது. சுகாதார ஊழியரை அச்சுறுத்திக் கடமை செய்யவிடாது தடுப்போருக்குப் பத்தாண்டுகள் வரை சிறை விதிக்க வழிசெய்யும் குற்றவியல் சட்டத் திருத்தம் 2022 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் ஏளனச் சொல்லும் இனப் பழிப்பும் பெரும்பாலும் பொலிசார் வரை செல்வதில்லை. மேலதிகாரியின் மதிப்பீட்டிலேயே எதிர்காலம் தங்கியிருப்பதால், பயிற்சி வைத்தியர் வாய்மூடி இருந்துவிடுகிறார்.

ஆகவே பேசவேண்டியவர் மூத்த வைத்தியரே. உயிராபத்து எனில் சிகிச்சை முதலில். அதன்பின், "இவர் எமது வைத்தியர், இவரை அவமதிக்க இடமில்லை" என்று அவர் நோயாளியிடம் நேரில் கூறவேண்டும். தொடர்வதா விலகுவதா என்ற தெரிவு பயிற்சி வைத்தியருடையதாக இருத்தல் வேண்டும். சம்பவமும் பதிவாக வேண்டும்.

எல்லா மறுப்பும் துவேசமன்று. சித்தம் கலங்கிய நோயாளியின் ஏச்சு வேறு. சித்திரவதையில் சிதைந்த பெண்ணொருவர் பெண் வைத்தியரைக் கேட்பது வேறு. சிகிச்சையை மறுக்கும் உரிமை சுயநினைவுள்ள எவருக்கும் உண்டு. ஆனால் இனம் பார்த்து இழிவுபடுத்தும் உரிமை எவருக்கும் இல்லை.

எமக்கும் இது பொருந்தும். கறுப்பின வைத்தியரைக் கண்டு முகஞ்சுளிப்பவரும், இளம் பெண் வைத்தியரிடம் "பெரிய டொக்டர் எங்கே?" என்று கேட்பவரும் எம்மிடையே இல்லையா? எமது பிள்ளைகளுக்கு நாம் வேண்டும் மரியாதையை, பிறர் பிள்ளைகளுக்கும் வழங்கக் கடமைப்பட்டுள்ளோம்.